வாட்ஸைப் பார்த்து பல்ப் வாங்குறீங்களா? உங்க கரன்ட் பில்லை ஏத்துற லைட் எதுன்னு தெரிஞ்சுக்கங்க!

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மின் வாரியத்திலிருந்து போனுக்கு வரும் மெசேஜில் நாம எல்லாரும் முதல்ல பார்ப்பது ரூபாயைத்தான். அடுத்த முறை எத்தனை யூனிட் ஓடியிருக்குன்னும் கொஞ்சம் பாருங்க. 490, 510, 530 என்று 500-ஐ ஒட்டியே வருகிற வீடா உங்க வீடு? அப்படின்னா கீழே இருக்கும் கணக்கை அவசியம் படிங்க.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் முடிச்சா, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. எல்லாம் கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். சரி, 501 ஆனா என்ன ஆகும்? அந்த 2.35 ரேட் அப்படியே காணாமல் போயிடும். 101-லிருந்தே 4.70 போட ஆரம்பிச்சுடுவாங்க. 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் கூடினதுக்கு 243 ரூபாய் எக்ஸ்ட்ரா!

"அந்த ஒரு யூனிட்டை எங்கே போய்ப் பிடிக்கிறது?" என்று கேட்டால், மே மாசத்தில் ஏ.சி-யை ஆஃப் பண்ணச் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. ஃப்ரிட்ஜை நிறுத்த முடியாது. ஆனா யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லாமல், வெளிச்சமும் குறையாமல் மாத்தக்கூடிய ஒரு சமாச்சாரம் தலைக்கு மேலே தொங்கிட்டு இருக்கு.

முதல்ல மாத்த வேண்டிய பல்ப் எது?

"எங்க வீட்டுல எல்லாமே எல்.இ.டி-தாங்க" என்று சொல்பவர்கள், ஒரு நிமிஷம் எழுந்து போய் மாடிப்படி, பாத்ரூம், பூஜை அறை, கொல்லைப்புறம் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாருங்க. ஹாலிலும் பெட்ரூமிலும் எல்.இ.டி மாட்டியிருப்போம். யாரும் கவனிக்காத இடங்களில்தான் பழைய குண்டு பல்பும் சோக் வெச்ச டியூப் லைட்டும் இன்னும் உயிரோடு இருக்கும். வேடிக்கை என்னன்னா, ராத்திரி முழுக்க எரியுற லைட்களும் அநேகமா அதுங்கதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். வாட்ஸை எரியும் மணி நேரத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் யூனிட். வாசலில் 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஒண்ணு சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை எரியுதுன்னு வைங்க. 60 நாளைக்கு 43.2 யூனிட். அதே இடத்தில் 9 வாட்ஸ் எல்.இ.டி என்றால் ஆறரை யூனிட்டுக்கும் கம்மி.

அடுத்து டியூப் லைட். பெரியவங்க "நாற்பது வாட்ஸ்தானே" என்பாங்க. அந்த 40 டியூபுக்கு மட்டும். பட்டியில் ஒளிஞ்சிருக்கும் பழைய இரும்பு சோக், தன் பங்குக்கு 10 முதல் 15 வாட்ஸைச் சூடாக்கியே தீர்த்துவிடும். லைட் எரிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு அந்தப் பட்டிக்குப் பக்கத்தில் கை வெச்சா சூடு தெரியும், அதுக்கும் நீங்கதான் காசு கட்டுறீங்க. ஆக மொத்தம் 52 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால், தினம் 6 மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்தில் 18.7 யூனிட். 20 வாட்ஸ் எல்.இ.டி டியூப் என்றால் 7.2 யூனிட்.

மூணாவது ஆசாமிதான் ரொம்ப சுவாரஸ்யமானவர். அவர் பெயர் 'ஜீரோ வாட்ஸ்'.

ஜீரோ வாட்ஸ் பல்ப் ஜீரோ இல்லீங்க!

நீலம், பச்சை, சிவப்பு என்று கலர் கலராக, குழந்தைங்க பயப்படாமல் தூங்குறதுக்காக மாட்டுவாங்களே, அந்தக் குட்டி பல்ப். பழைய கண்ணாடி பல்பாக இருந்தால் அது 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். அதாவது ஹாலில் எரியும் 9 வாட்ஸ் எல்.இ.டி-யை விட அதிகம்! சக்கரம் சுத்துற அந்தக் காலத்து மீட்டரில் இவ்வளவு சின்ன லோடு சரியாகப் பதிவாகாது, அதனாலதான் 'ஜீரோ' என்று பேர் வந்ததுன்னு சொல்வாங்க. மீட்டர் மாறிடுச்சு, பேர் மட்டும் மாறலை.

15 வாட்ஸ், ராத்திரிக்கு 9 மணி நேரம், 60 நாள். மொத்தம் 8.1 யூனிட். இப்போ கிடைக்கும் எல்.இ.டி நைட் லாம்ப் அரை வாட்ஸ்தான், ரெண்டு மாசத்துக்குக் கால் யூனிட்டைச் சுத்தித்தான் வரும்.

இந்த மூணு பல்பையும் சேர்த்துப் பாருங்க. பழசாக இருந்தபோது 70 யூனிட். மாத்தினப்புறம் 14 யூனிட். மிச்சம் 56. ரெண்டு மாசத்துக்கு 530 யூனிட் ஓடுற வீடு 474-க்கு இறங்கிடும். மேலே சொன்ன கட்டணத்தில் போட்டுப் பார்த்தால், 2,292 ரூபாய் பில் 1,641 ரூபாயாகக் குறையும். மூணையும் ஓரளவு நல்லதாகவே வாங்கினாலும் முதல் பில்லிலேயே போட்ட காசு திரும்பி வந்துடும். உங்க வீடு 300 யூனிட் வீடு என்றால் இவ்வளவு பெரிய லாபம் வராது. யூனிட்டுக்கு 4.70 கணக்கில் 260 ரூபாய் போலத்தான் மிச்சம். அதுவும் சும்மா இல்லை, ஒவ்வொரு பில்லிலும் வரும்.

மீட்டரை வெச்சே டெஸ்ட் பண்ணலாம்

இதெல்லாம் நம்ப முடியலைன்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க. போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தா போதும். உங்க மின் மீட்டரில் ஒரு சிவப்பு லைட் மினுக்கிட்டே இருக்கும். பக்கத்திலேயே 3200 அல்லது 1600 என்று ஒரு எண் போட்டிருப்பாங்க. அந்த லைட் அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியிருக்குன்னு அர்த்தம்.

வீட்டில் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஃப்ரிட்ஜ், வைஃபை, டி.வி பிளக் எல்லாமே. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்திட்டு இருந்தா கணக்கு தப்பிடும். இப்போ சந்தேகப்படுற பல்பை மட்டும் போட்டுட்டு, ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் எத்தனை செகண்ட்னு பாருங்க. 3200 மீட்டர் என்றால் 1,125-ஐ அந்த செகண்டால் வகுத்தால் கிடைப்பது வாட்ஸ். 1600 மீட்டர் என்றால் 2,250-ஐ வகுக்கணும். 60 வாட்ஸ் பல்புக்கு ஏறக்குறைய 19 செகண்டுக்கு ஒரு மினுக்கல். நம்ம 'ஜீரோ' ஆசாமிக்கு 75 செகண்டுக்கு ஒண்ணு.

அரை வாட்ஸ் எல்.இ.டி-யைத் தனியாகப் போட்டால் மீட்டர் கண்டுக்காமல்கூட விட்டுடலாம். உடனே சந்தோஷப்படாதீங்க, ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதோடு சேர்ந்து கணக்கில் ஏறிடும். வாடகை வீட்டில் பொது மீட்டரோ சப் மீட்டரோ எதுவாக இருந்தாலும், மினுக்குற லைட் இருந்தால் இந்த டெஸ்ட் வேலை செய்யும். மாடிப்படி லைட்டை யார் லைனில் இழுத்திருக்காங்க என்கிற ரகசியமும் சில வீடுகளில் இப்படித்தான் வெளியே வரும்!

வாட்ஸ் என்பது வெளிச்சம் இல்லை

கடையில் போய் "அண்ணா, நல்லா வெளிச்சமா ஒரு பல்ப்" என்று கேட்டால், "9 வாட்ஸ் வேணுமா 12 வாட்ஸ் வேணுமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார். தலைமுறை தலைமுறையாக நாம வாட்ஸை வெளிச்சமாகவே நினைச்சுப் பழகிட்டோம். குண்டு பல்ப் மட்டுமே இருந்த காலத்தில் அது சரி. எல்லா பல்பும் ஒரே மாதிரி வேலை செய்ததால், வாட்ஸ் கூடினால் வெளிச்சமும் கூடும். இப்போ அப்படி இல்லை. வாட்ஸ் என்பது அது சாப்பிடும் கரன்ட். கொடுக்கும் வெளிச்சத்துக்கு 'லூமென்' என்று வேற ஓர் அளவு இருக்கு.

60 வாட்ஸ் குண்டு பல்ப் 700 லூமென் சொச்சம் தரும். ஒரு வாட்ஸுக்கு 12 லூமென். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழையைப் பழுக்கக் காய்ச்சித்தான் அது வெளிச்சத்தை எடுக்குது. அதனால வாங்குற கரன்ட்டில் நூற்றுக்கு 90-க்கும் மேல் சூடாகவே போயிடும். கோழிக்குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்க அதே பல்பைத்தான் தொங்க விடுவாங்க என்பதை யோசிச்சா, நாம இத்தனை வருஷம் வீட்டுக்குள் என்ன மாட்டியிருந்தோம்னு புரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் ஆரம்பிச்சு 2012-க்குள் படிப்படியாக இந்த பல்பைக் கடைகளிலிருந்து வெளியேத்திடுச்சு.

நடுவில் வந்தது சுருள் சுருளாக இருக்கும் சி.எஃப்.எல். வாட்ஸுக்கு 60 லூமென் வரை கொடுத்தது. போட்ட உடனே மங்கலாக எரிஞ்சு, மெதுவாகச் சூடு பிடிச்சுத்தான் முழு வெளிச்சத்துக்கு வரும். உள்ளே சில மில்லிகிராம் பாதரசமும் உண்டு.

எல்.இ.டி சங்கதியே வேற. இதில் இழையும் கிடையாது, வாயுவும் கிடையாது. குறைகடத்தித் துண்டு ஒண்ணுக்குள் கரன்ட் போகும்போது நேரடியாக ஒளி வருது. சிவப்பு எல்.இ.டி 1962-லேயே வந்துடுச்சு. ஆனா வீட்டுக்கு வேணுமே வெள்ளை வெளிச்சம்? அதுக்கு நீல எல்.இ.டி தேவைப்பட்டது. பிரகாசமான நீல எல்.இ.டி-யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைச்சது. உங்க வீட்டு வெள்ளை பல்பை ஆஃப் பண்ணிட்டு, மேல் மூடியைக் கழட்டின ஒரு பழுதான பல்பை எடுத்துப் பாருங்க, உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் இருக்கும். நீல ஒளியில் ஒரு பகுதியை அந்த மஞ்சள் பூச்சு வாங்கி மாத்துது. ரெண்டும் கலந்து நம்ம கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியுது.

சாதாரண 9 வாட்ஸ் எல்.இ.டி இப்போ 900 லூமென் தருது. அதாவது பழைய 60 வாட்ஸை விட அதிகம். வெறும் 60 வாட்ஸுக்கு மாற்றாகத்தான் தேடுறீங்கன்னா 7 வாட்ஸே போதும். இங்கேதான் நிறைய பேர் தேவையில்லாமல் 12 வாட்ஸ் வாங்கிட்டு வர்றாங்க. டியூப் லைட்டிலும் இதே கதைதான். பழைய டியூப் 2,400 லூமென் வரை தந்தாலும் நாலா பக்கமும் சிதறவிடும், பாதி வெளிச்சம் சுவருக்கும் பட்டிக்கும்தான் போகும். எல்.இ.டி டியூப் முன்பக்கம் மட்டுமே அடிப்பதால் 2,000 லூமெனே அதே அளவுக்குப் பளிச்சுன்னு தெரியும்.

310 ரூபாய் 38 ரூபாய் ஆன கதை

இந்த எல்.இ.டி இவ்வளவு சல்லிசா கிடைக்க ஒரு காரணம், மத்திய அரசு 2015 ஜனவரி 5-ல் தொடங்கிய உஜாலா திட்டம். இ.இ.எஸ்.எல் என்ற பொதுத்துறை நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 2014-ல் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய். ரெண்டே வருஷம்! மொத்தம் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் நாடு முழுக்க விநியோகம் ஆச்சு. மானியம் கொடுக்காமல், மொத்த ஆர்டரை மட்டும் காட்டி விலையை இறக்கியதுதான் இதில் கில்லாடித்தனம். தனியார் கடைகளிலும் விலை இறங்கியது அந்த அலையில்தான்.

விலை இறங்கினதும் இன்னொண்ணும் இறங்குச்சு. தரம்!

"25,000 மணி நேரம்னு போட்டிருந்தான், ஆறு மாசத்துல போயிடுச்சு"

இதைச் சொல்லாத வீடே இருக்காது. 25,000 மணி நேரம் என்றால் தினம் 6 மணி நேரம் எரிச்சாலும் 11 வருஷம் வரணும். அப்புறம் ஏன் போகுது?

அட்டையில் சொல்றது அனேகமா அந்த எல்.இ.டி சிப்போட ஆயுளை. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவிகிதமாகக் குறையும் வரைக்கும்தான் ஆயுள்னு கணக்கு. உண்மையில் முதலில் சாகுறது சிப் இல்லை, அடியில் இருக்கும் 'டிரைவர்'. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி கரன்ட்டை எல்.இ.டி-க்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்குற குட்டி சர்க்யூட் அது. அதில் இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடுன்னா ஆகவே ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் வெச்சிருக்கும் தோராயக் கணக்கு. சென்னை வெயிலில், காத்தே போகாத கண்ணாடி குடுவைக்குள் அந்த பல்பை அடைச்சு மாட்டினால் அது என்ன செய்யும், பாவம்!

ரொம்ப மலிவான பல்புகளில் தனி டிரைவரே இருக்காது. எல்.இ.டி தகட்டிலேயே ஒரு சின்ன சிப்பை ஒட்டி விட்டுடுவாங்க. வோல்டேஜ் ஒரு எகிறு எகிறினால் கதை முடிஞ்சது. கையில் எடுத்துப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். ஒரே வாட்ஸில் ரெண்டு பல்பை எடுத்து எடை பாருங்க. பஞ்சு மாதிரி இருப்பதில் சூட்டை வெளியேத்தும் அலுமினியம் கம்மி.

பல்பின் ஆயுளில் கம்பெனிகள் விளையாடுவது புதுசு இல்லை. 1924-ல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்ப் கம்பெனிகள் கூடி 'ஃபீபஸ்' என்று ஒரு கூட்டணி போட்டாங்க. அதுவரை 1,500, 2,000 மணி நேரம் எரிஞ்ச பல்பை, 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாதுன்னு முடிவு பண்ணி, மீறி நீண்ட நாள் எரியுற பல்ப் தயாரிச்ச உறுப்பினருக்கு அபராதமே போட்டாங்க. இதுக்கு நேர் எதிரான ஒரு கதை துபாயில் நடந்தது. 2016-ல் துபாய் மாநகராட்சியும் பிலிப்ஸும் சேர்ந்து 'துபாய் லாம்ப்' கொண்டுவந்தாங்க. ஒரு வாட்ஸுக்கு 200 லூமென். 3 வாட்ஸிலேயே 600 லூமென்! மந்திரம் ஒண்ணும் இல்லை. எல்.இ.டி-களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொண்ணுக்கும் கொடுக்கும் கரன்ட்டைக் குறைச்சாங்க. கம்மியா வேலை வாங்கினால் சூடு குறையும், திறனும் ஆயுளும் கூடும். நம்ம ஊர் மலிவு பல்பில் நடப்பது தலைகீழ். எல்.இ.டி எண்ணிக்கையைக் குறைச்சு, இருக்கிறதைப் போட்டுப் பிழியுறாங்க.

அட்டையில் எதைப் படிக்கணும்?

விலைக்குப் பக்கத்தில் லூமெனைத் தேடுங்க. அதை வாட்ஸால் வகுங்க. 100-க்கு மேல் வந்தால் தாராளமாக வாங்கலாம். 80-க்குக் கீழே என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துடுங்க. லூமெனே போடலைன்னா அதைப் பத்திப் பேசவே வேண்டாம். எரிசக்தித் திறன் அமைப்பின் ஸ்டார் லேபிளும் இந்த வகுத்தல் கணக்கை வெச்சுத்தான் தர்றாங்க. எல்.இ.டி பல்புக்கு அது கட்டாயம்.

பி.ஐ.எஸ் முத்திரையும், அதன் கீழே 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கணும். பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்ததுன்னு காட்டும். அட்டையில் ஒரு பேர், ஆப்பில் சம்பந்தமே இல்லாத இன்னொரு பொருள்னு வந்தால் நைசா நழுவிடுங்க. அடிக்கடி வோல்டேஜ் ஏறி இறங்குற ஏரியா என்றால், எத்தனை கிலோவோல்ட் சர்ஜ் வரை தாங்கும்னு போட்டிருக்கான்னும் பாருங்க. வாரன்டி கார்டையும் பில்லையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. 100 ரூபாய் பல்புக்கு யார் போய் கிளெய்ம் பண்றதுன்னு நாம விட்டுடுவோம்கிறது அவங்களுக்கும் தெரியும்.

நிறம் உங்க இஷ்டம். 6500 கே என்றால் பளீர் வெள்ளை, 3000 கே என்றால் மஞ்சள். கரன்ட் விஷயத்தில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்ரூமில் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை லைட்டைப் போட்டுட்டு தூக்கம் வரலைன்னு போனை நோண்டுறதுக்கு, அங்கே மட்டுமாவது மஞ்சளுக்கு மாறலாம் என்பது என் கட்சி. கிச்சனில் 'சி.ஆர்.ஐ' 80-க்கு மேல் இருக்கும் பல்பாகப் பார்த்து மாட்டுங்க. அது கம்மியாக இருந்தால் தக்காளியே சோகமாகத் தெரியும்.

படிக்கிற டேபிளுக்கு வாங்கும்போது கடையிலேயே போன் கேமராவை ஸ்லோமோஷனில் வெச்சு எரியுற பல்பைப் படம் பிடிங்க. வீடியோவில் பட பட என்று துடிச்சால் அது மலிவான டிரைவர். நம்ம கரன்ட் செகண்டுக்கு 50 சுழற்சி, அதனால சரியான டிரைவர் இல்லாத பல்ப் 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணால் பார்த்தால் தெரியாது. சிலருக்குத் தலைவலி மட்டும் வரும்.

மிச்சம் பிடிச்சது எங்கே போச்சு?

இப்போ புது ஃப்ளாட்களில் ஒரு காட்சி. ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுத்தி 12 டவுன் லைட். ஒண்ணு 12 வாட்ஸ், மொத்தம் 144. ஓரத்தில் மறைச்சு வெச்ச ஸ்ட்ரிப் லைட் 15 மீட்டர், மீட்டருக்கு 10 வாட்ஸ் வீதம் 150. அந்தக் காலத்தில் அதே ஹாலுக்கு சோக்கோடு சேர்த்து 52 வாட்ஸ் டியூப் லைட் ஒண்ணு எரிஞ்சது. தினம் 5 மணி நேரம் என்றால் ரெண்டு மாசத்துக்கு அது 15.6 யூனிட். இந்த 'எல்.இ.டி சேமிப்பு' ஹால் 88 யூனிட்!

ஒரு பொருளைத் திறமையாகப் பயன்படுத்தக் கத்துக்கிட்டா அதை இன்னும் அதிகமாகத்தான் செலவு பண்ணுவோம் என்று, நிலக்கரியை வெச்சு 1865-லேயே எழுதினார் ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர். அவர் நம்ம ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்திருக்கணும். ஸ்ட்ரிப் லைட்டுக்குத் தனி ஸ்விட்ச் வெச்சு, விருந்தாளி வந்தால் மட்டும் போட்டால்கூட இதில் பாதி போயிடும். வீடு கட்டும்போதே எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் செலவே இல்லை. அப்புறம் சொன்னால் சுவரை உடைக்கணும்.

போனில் ஆன், ஆஃப் பண்ணும் ஸ்மார்ட் பல்ப் வெச்சிருக்கீங்களா? ஆஃபில் இருக்கும்போதும் அது வைஃபையைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ஒண்ணுக்கு அரை வாட்ஸ் என்று வைத்தாலும், 10 பல்ப் இருக்கும் வீட்டில் ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட் எரியாமலேயே போகும்.

அதே நேரம், ஒரு நியாயத்தையும் சொல்லணும். வீட்டில் எல்லாமே 9 வாட்ஸ் எல்.இ.டி ஆகிட்டால், அதுக்கப்புறம் லைட்டை ஆஃப் பண்ணலைன்னு வீட்டில் சண்டை போடுறதில் அர்த்தம் கம்மி. 9 வாட்ஸ் பல்ப் ஒரு யூனிட்டைத் தீர்க்க 111 மணி நேரம் எடுத்துக்கும். ஒன்றரை டன் ஏ.சி, கம்ப்ரஸர் முழு மூச்சில் ஓடும்போது அதே ஒரு யூனிட்டை ஏறக்குறைய முக்கால், ஒரு மணி நேரத்தில் முடிச்சுடும். ஏ.சி-யை 18-ல் வெச்சுட்டு பாத்ரூம் லைட்டுக்காகத் தம்பியைத் திட்டுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எல்.இ.டி-க்கு அடுத்து காசு போடணும்னா ஃபேன்தான். 75 வாட்ஸ் பழைய ஃபேனுக்குப் பதிலாக 28 வாட்ஸ் பி.எல்.டி.சி ஃபேன் மாட்டி, தினம் 15 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாசத்துக்கு 42 யூனிட் மிச்சம்.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு...

சப் மீட்டர் வெச்சு "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஓனர் ஃபிக்ஸட் ரேட் வாங்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன 100 யூனிட் இலவசமும் இல்லை, 2.35-ம் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே முழு ரேட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால், 'ஜீரோ வாட்ஸ்' மட்டுமே ஒவ்வொரு ரெண்டு மாசமும் 81 ரூபாய் சாப்பிடும். அதனால "நம்ம வீடா, நாம ஏன் பல்ப் வாங்கணும்?" என்று நினைக்காதீங்க. ஓனர் மாட்டி வெச்ச பழைய பல்பைக் கழட்டி ஒரு டப்பாவில் பத்திரமாக வைங்க. காலி பண்ணும்போது அதைத் திருப்பி மாட்டிட்டு, உங்க எல்.இ.டி-யை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம். அட்வான்ஸிலும் கை வைக்க மாட்டாங்க.

கழட்டுற டியூப் லைட், சி.எஃப்.எல்-ஐ மட்டும் சாதாரண குப்பையில் உடைச்சுப் போடாதீங்க. பாதரசம் இருப்பதால் சட்டப்படி அது மின்னணுக் கழிவு. தப்பித் தவறி வீட்டுக்குள் உடைஞ்சுட்டால், ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே இருங்க. அப்புறம் கெட்டி அட்டையால் அள்ளி, பொடியை டேப்பில் ஒட்டி எடுங்க. துடைப்பம், வேக்குவம் கிளீனர் ரெண்டும் வேண்டாம், தூளைக் காத்தில் கிளப்பிவிடும்.

ஆஃப் பண்ணியும் மங்கலா எரியுதா?

எல்.இ.டி மாத்தின வீடுகளில் அடிக்கடி வரும் சந்தேகம் இது. ராத்திரி ஸ்விட்சை அணைச்சப்புறமும் பல்பில் பேய் மாதிரி லேசான வெளிச்சம் இருக்கும். குண்டு பல்பில் இப்படி வந்ததே இல்லை. காரணம், எல்.இ.டி எரிய ரொம்பக் கொஞ்சம் கரன்ட் போதும். இண்டிகேட்டர் லைட் உள்ள ஸ்விட்ச் என்றால், அந்தக் குட்டி லைட் வழியாகக் கசியும் கரன்ட்டிலேயே அது மினுக்கும். யூனிட் கணக்கில் அது ஒண்ணுமே இல்லை, பயப்பட வேண்டாம்.

ஆனா இண்டிகேட்டரே இல்லாத ஸ்விட்சிலும் இப்படி எரிந்தால் சும்மா விடாதீங்க. வயரிங் பண்ணும்போது ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை ஸ்விட்சுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்விட்சை அணைச்சாலும் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துக்கிட்டே இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த பல்பை மாத்தணும்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க.